வாகனத்தில் ஒரு வழிகாட்டி

மாணவ நண்பர்களே, நான் ஒருமுறை வழி தவறிய கதையைச் சொல்லி இப்பேச்சைத் தொடங்குகிறேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிள்ளைகளுக்கு வழி சொல்லி வந்த ஆசிரியன் ஒருவன் தானே வழி தவறினான் என்றால் உங்களுக்குச் சற்று வேடிக்கையாகத்தான் இருக்கும். கேளுங்கள், முடிவில் அது வேடிக்கையாக இராது.

சில ஆண்டுகளுக்கு முன், என்னோடு ஒரே பள்ளியில் நெடுங்காலம் பணியாற்றிய நிலநூல் ஆசிரியர் ஒருவர் காலமானார் என்ற செய்தி ஓரிரவு என்னை எட்டியது. அவர் ஊர் புதுக்கோட்டை மாவட்டத்து ஆலங்குடி. மறுநாள் காலை எட்டு மணிக்கு எடுத்துவிடுவார்கள் என்றனர். நான் அப்போது திருச்சிராப்பள்ளியில் இருந்தேன். விடியுமுன் வாடகைக் கார் ஒன்றை அமர்த்திக்கொண்டு புறப்பட்டேன். ஓட்டுநர் வெளி மாவட்டத்து இளைஞர். அந்தப் பக்கத்துச் சாலைகள் அவருக்குப் பழக்கமில்லை. "ஐயா, ஊர்ப் பெயரை நீங்களே இதில் போட்டுக் கொடுத்துவிடுங்கள்" என்று தம் கைப்பேசியை என்னிடம் நீட்டினார். நான் ஆலங்குடி என்று எழுதினேன். திரையில் சில பெயர்கள் வரிசையாகத் தோன்றின. முதலில் நின்ற பெயரைத் தொட்டுவிட்டுக் கருவியைத் திருப்பிக் கொடுத்தேன். இரவு முழுதும் உறக்கமில்லாமையால் உடனே கண்ணயர்ந்துவிட்டேன்.

விழித்தபோது நன்றாக விடிந்திருந்தது. சாலையோரப் பலகையில் நீடாமங்கலம் என்று எழுதியிருந்தது. என் நெஞ்சு திடுக்கிட்டது. தெற்கே புதுக்கோட்டையை நோக்கிச் சென்றிருக்க வேண்டிய கார், கிழக்கே தஞ்சாவூரையும் கடந்து சென்றுகொண்டிருந்தது. குருவின் தலம் என்று பெயர்பெற்ற ஆலங்குடி ஒன்று திருவாரூர் மாவட்டத்தில் இருக்கிறது அன்றோ? அவ்வூருக்குத்தான் கருவி எங்களை ஒரு திருப்பங்கூடத் தவறாமல் அழைத்துச் சென்றுகொண்டிருந்தது. காரைத் திருப்பினோம். நண்பரின் ஊரை அடைந்தபோது மணி பத்தாகிவிட்டது. அவர் முகத்தைக் கடைசியாக ஒருமுறை காணும் பேறு எனக்குக் கிட்டவில்லை.

பிழை யாருடையது? கருவியினுடையது அன்று, அது தான் கேட்டதைத் தவறாமற் செய்தது. ஓட்டுநருடையதும் அன்று; அவர் என்னை நம்பினார். பிழை என்னுடையது. அந்தக் கருவிக்கு எது தெரியும், எது தெரியாது என்பதை நான் அறியாதிருந்தேன். ஆதலின், அக்கருவி எவ்வாறு வேலை செய்கிறது, அதனை வாகனத்திற்கு எவ்வாறு தேர்ந்தெடுப்பது, எவ்வாறு பொருத்துவது, எவ்வாறு பயன்படுத்துவது என்பவற்றை இன்று உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறேன்.

முதலில், வானத்தில் இருக்கும் செயற்கைக்கோள் தரையிலுள்ள காருக்கு எவ்வாறு இடம் காட்டுகிறது? இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவேன். பரந்த சமவெளியில் மூன்று கோயில்கள் இருக்கின்றன என்று கொள்ளுங்கள். நாள்தோறும் காலை சரியாக ஆறு மணிக்கு மூன்று கோயில்களிலும் மணி அடிக்கிறார்கள். ஒலி ஒரு விநாடியில் சுமார் 340 மீட்டர் செல்லும். முதற் கோயிலின் மணியோசை ஆறு மணிக்குமேல் மூன்று விநாடி கழித்து உங்கள் செவியில் விழுந்தால், நீங்கள் அக்கோயிலுக்கு 1,020 மீட்டர் தொலைவில் நிற்கிறீர்கள். ஊர்ப் படத்தில் அக்கோயிலை நடுவாகக் கொண்டு, கவராயத்தால் அந்த அளவுக்கு ஒரு வட்டம் வரையுங்கள். அவ்வட்டத்தின் மேல் எங்கோ ஓரிடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள். மற்ற இரண்டு கோயில்களுக்கும் அவ்வாறே வட்டங்கள் வரையுங்கள். மூன்று வட்டங்களும் சந்திக்கும் புள்ளியே நீங்கள் நிற்கும் இடம்.

இங்கே ஓர் இடர்ப்பாடு உண்டு. உங்கள் கைக்கடிகாரம் ஒரு விநாடி பிந்தி ஓடினால் என்னாகும்? ஒவ்வொரு வட்டமும் 340 மீட்டர் சிறிதாகிவிடும். மூன்றும் ஒரு புள்ளியில் சந்திக்கமாட்டா. ஆனால் அறிவுள்ள மாணவன் இதனால் சோர்வடையமாட்டான். மூன்று வட்டங்களும் ஒரே புள்ளியில் கூடும்வரை தன் கடிகாரத்தைக் கணக்கினால் முன்னும் பின்னும் நகர்த்திப் பார்ப்பான். கூடிய அந்நேரத்தில் இடமும் கிடைத்துவிடும், கடிகாரமும் திருந்திவிடும்!

விண்ணில் நடப்பதும் இதுவே. கோயில்களின் இடத்தில் செயற்கைக்கோள்கள் இருக்கின்றன. ஒலிக்கு மாறாக வானொலி அலைகள் வருகின்றன. அமெரிக்க நாட்டின் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் தரைக்கு மேல் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் நாளொன்றுக்கு இருமுறை உலகைச் சுற்றி வருகின்றன. ஒவ்வொன்றும் தான் எங்கே இருக்கிறது என்பதையும், அப்போது மணி என்ன என்பதையும் இடைவிடாமல் அறிவித்துக்கொண்டே இருக்கிறது. வானொலி அலை ஒரு விநாடியில் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் செல்வது. ஆதலால் ஒரு விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிழைத்தாலும், இடத்தில் 300 மீட்டர் பிழைத்துவிடும். இதற்காகவே செயற்கைக்கோள்களில் அணுக் கடிகாரங்களை வைத்திருக்கிறார்கள். உங்கள் வாகனத்தில் உள்ள கருவிக்கு அத்தகைய விலையுயர்ந்த கடிகாரம் கிடையாது. தரையில் மூன்று மணியோசைகள் போதும் என்றேன். விண்வெளியில் உயரமும் ஓர் அளவாகச் சேர்வதால் நான்கு செயற்கைக்கோள்கள் வேண்டும். அந்த நான்காவதன் துணையால்தான் கருவி தன் எளிய கடிகாரத்தைத் திருத்திக்கொள்கிறது.

ஐன்ஸ்டைனின் சார்புக் கொள்கை ஏட்டளவில் நிற்பது என்று எண்ணும் மாணவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரு செய்தி. புவியீர்ப்பு குறைந்த உயரத்தில் இருப்பது, விரைந்து ஓடுவது ஆகிய இரண்டின் விளைவையும் சேர்த்துக் கணக்கிட்டால், செயற்கைக்கோளின் கடிகாரம் தரையிலுள்ள கடிகாரத்தைவிட ஒரு நாளைக்கு விநாடியின் பத்து லட்சத்தில் 38 பங்கு முந்தி ஓடும். இதனை முன்கூட்டியே கணக்கிட்டுத் திருத்தியிருக்கிறார்கள். திருத்தாவிட்டால், ஒரே நாளில் இடக்கணக்கில் 10 கிலோமீட்டருக்கு மேல் பிழை சேர்ந்துவிடும். காலையில் சரியாக வழி காட்டிய கருவி, மறுநாள் காலையில் பக்கத்து ஊரைக் காட்டும்!

இடத்தை அளந்து காணும் கலை நம் மண்ணுக்குப் புதிதன்று. 1802 ஆம் ஆண்டில் வில்லியம் லாம்டன் என்பவர் சென்னைப் பரங்கிமலையை அடுத்து ஏறக்குறைய 12 கிலோமீட்டர் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றைச் சங்கிலியால் அளந்தார். இந்தியா முழுவதையும் முக்கோணங்களால் அளந்த பெரும்பணி அங்கே தொடங்கியது. அவர் கோணங்களை அளந்து இடம் கண்டார். இன்றைய கருவி காலத்தை அளந்து இடம் காண்கிறது. அவர்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்துப் பெற்றதை, இக்கருவி கண்ணிமைப்பொழுதில் நமக்குத் தருகிறது. அந்த உழைப்பை நாம் மறக்கலாகாது. அவர்களுக்குப் பின் வந்தோர் வரைந்த நிலப்படங்கள் இல்லையேல் இக்கருவிக்கு வேலையே இல்லை.

ஜி.பி.எஸ். முறையின் முதற் செயற்கைக்கோள் 1978 ஆம் ஆண்டில் ஏவப்பட்டது. அப்போது அது படைத்துறைக்கு உரியதாக இருந்தது. 1983 செப்டம்பரில், கொரியப் பயணிகள் விமானம் ஒன்று வழி விலகிச் சோவியத் வான்வெளியில் புகுந்து சுட்டு வீழ்த்தப்பட்டது. அதில் இருந்த 269 பேரும் மாண்டனர். அதன் பின்னரே, இம்முறை நிறைவுற்றதும் பொதுமக்களும் பயன்படுத்தலாம் என்று அமெரிக்க அரசு அறிவித்தது. 1995 ஆம் ஆண்டில் அமைப்பு முழுமை பெற்றது. பொதுமக்களுக்குரிய குறிப்பில் வேண்டுமென்றே கலந்திருந்த பிழையை 2000 ஆம் ஆண்டு மே மாதத்தில் நீக்கினார்கள். கார்களில் இக்கருவி பெருகியது அதன் பின்புதான். வழி தவறுதல் எத்துணைக் கொடியது என்பதற்கு அந்த விமானத்தைவிட வேறு சான்று வேண்டுமா?

ஜி.பி.எஸ். ஒன்றே இவ்வகையில் உள்ளது என்று எண்ணாதீர்கள். ரஷ்யாவுக்குக் குளோனாஸ், ஐரோப்பாவுக்குக் கலிலியோ, சீனாவுக்குப் பெய்டோ என்பவை உண்டு. நம் நாடும் நாவிக் என்னும் அமைப்பை உருவாக்கியது. அதன் முதற் செயற்கைக்கோள் 2013 சூலையில் ஏவப்பட்டது. 2016 ஏப்ரலில் ஏழாவது விண்ணேறியது. இந்தியாவுக்கும் அதனைச் சூழ்ந்து 1,500 கிலோமீட்டர் வரையிலுள்ள பகுதிக்கும் பயன்படுமாறு அது திட்டமிடப்பட்டது. தொடக்கத்துச் செயற்கைக்கோள்கள் சிலவற்றில் அணுக் கடிகாரங்கள் பழுதுற்றன. 2017 ஆகஸ்டில் மாற்றுக்கோள் ஒன்றை ஏவும் முயற்சி, வெப்பக் கவசம் பிரியாமையால் தோல்வியுற்றது. ஆயினும் 2023 மே மாதத்தில், நம் நாட்டிலேயே செய்த அணுக் கடிகாரத்தைத் தாங்கிய செயற்கைக்கோள் விண்ணை அடைந்தது. இவ்வரலாற்றில் கருவி வாங்குவோர் கற்க வேண்டிய பாடம் ஒன்று இருக்கிறது: எந்த ஓர் அமைப்பையும் தனித்து நம்ப வேண்டியதில்லை. பல அமைப்புகளின் குறிப்புகளையும் ஒருங்கே ஏற்கும் கருவியே சிறந்தது. நாற்புறமும் மரமோ கட்டடமோ மறைக்கும் இடத்தில், கண்ணுக்குப் படும் கோள்கள் கூடுதலாக இருப்பின் இடம் துல்லியமாகக் கிடைக்கும்.

இனி, இப்பேச்சின் உயிர்நிலைக்கு வருகிறேன். நாம் வழிகாட்டிக் கருவி என்று ஒரே பெயரால் அழைப்பது உண்மையில் மூன்று வேலைக்காரர்கள் கூடியது. முதலாமவன் இடம் காண்பவன். செயற்கைக்கோளின் குறிப்பைக் கேட்டு, நீ இங்கே இருக்கிறாய் என்று சொல்கிறான். இரண்டாமவன் நிலப்படம் வைத்திருப்பவன். இங்கே இன்ன சாலை இருக்கிறது என்று சொல்கிறான். மூன்றாமவன் வழி கணிப்பவன். இன்ன சாலையில் சென்றால் விரைவில் சேரலாம் என்று சொல்கிறான். முதலாமவன் வானத்தை நம்பி வாழ்கிறான். பெரும்பாலும் பொய் சொல்வதில்லை. இரண்டாமவன் மனிதர் வரைந்த படத்தை நம்புகிறான். படம் பழையதானால் அவன் சொல்லும் பழையதே. மூன்றாமவன் நீங்கள் சொன்ன கட்டளையை நம்புகிறான். கட்டளை தவறினால் அவன் தவறான ஊருக்கு மிகச் சரியான வழியைக் காட்டுவான். எனக்கு நேர்ந்தது இந்த மூன்றாவது வகைப் பிழை. கருவி வாங்கும்போதும் பொருத்தும்போதும் பயன்படுத்தும்போதும், இம்மூவரையும் தனித்தனியே நினைவில் கொள்ளுங்கள். குழப்பம் வாராது.

மலைப்பகுதியில் செல்வோர், "டவர் இல்லை, ஆகவே ஜி.பி.எஸ். வேலை செய்யாது" என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். இது சரியன்று. செயற்கைக்கோளின் குறிப்பைப் பெறத் தொலைபேசிக் கோபுரம் தேவையில்லை. கருவி கேட்பதற்கு மட்டுமே உரியது. செயற்கைக்கோளுக்கு அது ஒன்றும் அனுப்புவதில்லை. முதலாமவன் காட்டிலும் வேலை செய்வான். ஆனால் நிலப்படத்தைத் தொலைபேசி இணைப்பின் வழியே அவ்வப்போது வாங்கிக்கொள்ளும் கைப்பேசியில், இணைப்பு அறுந்ததும் இரண்டாமவன் கைவிரித்துவிடுவான். வெறுந்திரையில் ஒரு புள்ளி மட்டும் நிற்கும்! ஆதலின், செல்லவிருக்கும் பகுதியின் படத்தை வீட்டிலிருக்கும்போதே கருவிக்குள் இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். வாங்குமுன் கேட்க வேண்டிய முதற் கேள்வி இதுதான்: இணைப்பு இல்லாதபோதும் படம் காட்டுமா?

இக்காலத்தில் மூன்று வகைக் கருவிகள் வழக்கில் உள்ளன. கைப்பேசியிலேயே நிலப்படச் செயலியை வைத்துக்கொள்வது ஒன்று. இதற்குத் தனிச் செலவில்லை. படமும் அடிக்கடி புதுப்பிக்கப்படும். சாலை நெரிசலையும் அறிவிக்கும். ஆனால் கோடை வெயிலில் கண்ணாடியின் அடியில் வைத்தால் சூடேறித் தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும். பேச்சு அழைப்பு வந்தால் கவனத்தையும் கெடுக்கும். வாகனத்துக்குரிய தனிக் கருவி இரண்டாவது. அது வெயிலைத் தாங்கும். படத்தைத் தன்னுள்ளே வைத்திருக்கும். பெருவண்டிகளுக்கு உரிய வகைகளில் வண்டியின் உயரத்தையும் எடையையும் குறித்து வைத்தால் அதற்கேற்ற வழியைக் கணிக்கும். ஆனால் படத்தை நாமே நினைவாகப் புதுப்பிக்க வேண்டும். காரோடு சேர்ந்தே வரும் திரை மூன்றாவது. அது பெரியது, பார்வைக்கு எளியது. பல கார்களில் கைப்பேசியின் படத்தை அத்திரையிலேயே தோன்றச் செய்யலாம். ஊருக்குள் ஓட்டுபவருக்குக் கைப்பேசி போதும். நெடுந்தூரம் ஓட்டும் லாரிக்குத் தனிக் கருவி நன்று. எதுவாயினும், நண்பகல் வெயிலில் திரையின் எழுத்து தெரிகிறதா, தமிழில் வழி சொல்கிறதா என்பவற்றைக் கடையிலேயே சோதித்துப் பாருங்கள். கண் சாலையில் இருக்க வேண்டியதாகையால், செவிக்கு வரும் சொல் தெளிவாக விளங்க வேண்டும்.

பழைய தனிக் கருவியை மலிவாக வாங்குவோர்க்கு ஓர் எச்சரிக்கை. ஜி.பி.எஸ். முறை வாரங்களை எண்ணி நாளைக் கணக்கிடுகிறது. தொடக்கத்தில் வகுத்த முறையில் 1,024 வாரங்கள் முடிந்ததும் எண்ணிக்கை மீண்டும் சுழியிலிருந்து தொடங்கும். இவ்வாறு 1999 ஆகஸ்டிலும் 2019 ஏப்ரலிலும் நிகழ்ந்தது; அடுத்து 2038 நவம்பரில் நிகழும். அதற்கேற்பத் திருத்தப்படாத பழங்கருவி, இருபதாண்டுக்கு முந்தைய தேதியைக் காட்டும். தேதியைப் பார்த்தே வாங்குங்கள்.

கருவியை எங்கே பொருத்துவது? அதற்கு வானம் தெரிய வேண்டும். உங்களுக்குச் சாலை தெரிய வேண்டும். இவ்விரண்டு விதிகளும் போதும். முன்கண்ணாடியின் நடுவில் உயர வைத்தால் எதிரே வருபவர் மறைவர். டாஷ்போர்டு என்னும் முன்பலகையின் நடுப்பகுதியில், கண்ணைச் சற்றே தாழ்த்தினால் காணும்படி வைப்பது நலம். விபத்தின்போது விரியும் காற்றுப்பை அடங்கியிருக்கும் மூடியின் மேல் ஒருபோதும் வைக்காதீர்கள். கண்ணிமைப்பொழுதில் விரியும் அப்பை, கருவியைக் கல்லைப்போல் முகத்தில் எறியும். உலோகப் பூச்சுள்ள கண்ணாடி வானொலி அலையைத் தடுக்கும். அத்தகைய காரில், கூரையின் மேல் தனி ஏரியல் வைத்துக்கொள்ளலாம்.

மின்சாரத்தைப் பற்றியும் கருத்தோடு இருக்க வேண்டும். காரின் மின்கலம் 12 வோல்ட்டு; லாரி, பேருந்துகளில் பெரும்பாலும் 24 வோல்ட்டு. கைப்பேசிக்கு வேண்டியது 5 வோல்ட்டு. இடையில் வைக்கும் சார்ஜர் எந்த அளவுக்கு உரியது என்று அதன் மேல் எழுதியிருக்கும். படித்துப் பார்க்காமல் செருகாதீர்கள். நிலையாகப் பொருத்தும் கருவியானால், தகுந்த ப்யூஸ் வைத்து, சாவியைத் திருப்பினால் மட்டும் மின்சாரம் வருமாறு இணைக்கச் சொல்லுங்கள். இல்லையேல் ஒரு வாரம் வண்டி நின்றால் மின்கலம் இறங்கிவிடும். கம்பியானது கியர்த் தண்டிலோ, காலடியில் பிரேக்கிலோ சிக்காதபடி ஓரமாக இழுத்துக் கட்ட வேண்டும்.

முதல் நாள் கருவியை இயக்கியதும் இடம் காட்டவில்லையே என்று பதறாதீர்கள். செயற்கைக்கோள் தன் இருப்பிடக் குறிப்பை 30 விநாடிக்கு ஒருமுறை அனுப்புகிறது. எல்லாக் கோள்களின் பொதுக் குறிப்பையும் முழுதாகப் பெற 12½ நிமிடம் ஆகும். நெடுநாள் அணைந்திருந்த தனிக் கருவியைத் திறந்தவெளியில், வண்டி அசையாமல், கால் மணி நேரம் விட்டுவையுங்கள். கைப்பேசி இக்குறிப்பைத் தொலைபேசி இணைப்பின் வழியே முன்னதாகவே பெற்றுக்கொள்வதால், அது விரைந்து இடம் காட்டும்.

பின்னர், கட்டளைகளை அமைக்க வேண்டும். வாகனம் எது என்பதைக் குறியுங்கள். இருசக்கர வண்டி நுழையும் சந்தில் வேன் நுழையாது. குறுகிய தூரம், குறுகிய நேரம் என்ற இரண்டில், வெளியூர்ப் பயணத்துக்கு நேரத்தைக் கொள்ளுங்கள். தூரத்தைக் கொண்டால் ஏரிக்கரை மண்பாதையையும் அது வழியென்று காட்டக்கூடும். மண்சாலையைத் தவிர்க்கும் கட்டளை இருந்தால் அதனையும் இட்டு வையுங்கள். உங்கள் வீட்டைக் குறித்து வைக்கும்போது வாசலைக் குறிக்காமல், தெருமுனையையோ அருகிலுள்ள பொது இடத்தையோ குறியுங்கள். கருவி திருடன் கையில் சிக்கினால், அவனுக்கு வீட்டு வழி காட்ட வேண்டாம் அல்லவா?

சில வேளைகளில் இடத்தை ஊர்ப் பெயரால் அன்றி, அட்சரேகை தீர்க்கரேகை எண்களால் குறிக்க நேரும். பெயர் மயங்கும், எண் மயங்காது. எனினும், எண்ணிலும் ஒரு பொறி உண்டு. 10 பாகை 30 கலை என்பது 10.30 அன்று, 60 கலை ஒரு பாகையாதலால் அது 10.50 ஆகும். ஒரு பாகை அட்சரேகை சுமார் 111 கிலோமீட்டர். ஆகவே 10.50 என்பதற்கு 10.30 என்று எழுதினால் 22 கிலோமீட்டர் தெற்கே சென்று நிற்பீர்கள்! வகுப்பில் ஒரு தசமப்புள்ளி தவறினால் ஒரு மதிப்பெண் போகும். சாலையில் தவறினால் ஒரு மணி நேரம் போகும்.

எல்லாம் அமைத்தபின், நெடும்பயணத்துக்கு முன் நன்கு தெரிந்த சாலையில் சோதனை ஓட்டம் செய்யுங்கள். வீட்டிலிருந்து பள்ளிக்கு வழி கேளுங்கள். கருவி எங்கே முந்திச் சொல்கிறது, எங்கே பிந்திச் சொல்கிறது என்பதை அறிந்துகொள்வீர்கள். திறந்தவெளியில் கைப்பேசியின் துல்லியம் சுமார் 5 மீட்டர். மேம்பாலத்தின் மேல் செல்கிறோமா, அதன் அடியில் ஒட்டிச் செல்லும் சாலையில் செல்கிறோமா என்பதை அது எளிதில் பிரித்தறியாது. சென்னைக் கத்திப்பாராவில், சாலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக வளைந்து செல்லுமிடத்தில், இதனைக் கண்கூடாகக் காணலாம். அத்தகைய இடங்களில் கருவியின் சொல்லைவிடச் சாலைப் பலகையின் சொல்லே பெரிது.

மலைச்சாலையில் இக்கருத்து இன்னும் ஆழமானது. சத்தியமங்கலத்திலிருந்து கர்நாடகத்துக்குச் செல்லும் திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. புலிகள் வாழும் காட்டினூடே செல்லும் அப்பாதையில், காட்டு விலங்குகளைக் காக்கும் பொருட்டு 2022 பிப்ரவரியில் நீதிமன்ற ஆணையின்படி இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. வழி கணிப்பவனுக்கு அது ஒரு கோடு, அவ்வளவே. அந்தக் கோட்டில் யானை நிற்பதும், கதவு மூடுவதும், மழையில் மண் சரிவதும் அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. அடிவாரத்துத் தேநீர்க் கடையில் இருப்பவருக்குத் தெரியும். வண்டியை நிறுத்தி அவரைக் கேட்பதில் இழிவொன்றும் இல்லை.

சட்டத்தையும் நினைவுபடுத்துகிறேன். 2020 அக்டோபர் முதல் நாள் நடைமுறைக்கு வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தம், வாகனம் ஓட்டும்போது கைக்கருவியை வழிகாட்டுதலுக்கு மட்டுமே, அதுவும் ஓட்டுபவரின் கவனம் சிதறாத வகையில் பயன்படுத்த இடமளித்தது. எனவே, ஊர்ப் பெயரை எழுதுவதும் வழியை மாற்றுவதும் வண்டி நிற்கும்போது செய்ய வேண்டியவை. அல்லது உடன் வருபவர் செய்ய வேண்டியவை. பேருந்து, வாடகைக் கார் போன்றவற்றில் பொருத்தப்படும் இருப்பிடங்காட்டி வேறு வகையைச் சேர்ந்தது. அது ஓட்டுநருக்கு வழி சொல்வதில்லை. வண்டி எங்கே இருக்கிறது என்பதைத் தொலைபேசி இணைப்பின் மூலம் மற்றவர்க்கு அறிவிக்கிறது. ஒன்றிருந்தால் மற்றொன்று வேண்டாம் என்று எண்ணிவிடாதீர்கள்.

புறப்படுமுன் செய்ய வேண்டிய ஒன்று எஞ்சியிருக்கிறது. அது ஒரு நிமிட வேலை. கருவி வழியைக் கணித்ததும், உடனே தொடங்கு என்னும் பொத்தானைத் தொடாதீர்கள். படத்தைச் சுருக்கி, வழி முழுவதையும் ஒரே பார்வையில் காணுங்கள். சேருமிடம் எந்த மாவட்டத்தில் இருக்கிறது? எத்திசையில் செல்கிறோம்? இடையில் வரும் மூன்று பெரிய ஊர்கள் எவை? மொத்தத் தூரம் எவ்வளவு? இந்நான்கையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். அன்று நான் இதனைச் செய்திருந்தால், புதுக்கோட்டை வரவேண்டிய இடத்தில் தஞ்சாவூர் வருவதைக் கண்டிருப்பேன்.

நண்பரின் வீட்டை நான் அடைந்தபோது, வாசலில் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர் துணைவியார் என்னைக் கண்டதும், "வழி தெரியாமல் அலைந்துவிட்டீர்களா, சார்?" என்று கேட்டார். கூடத்தில் அவர் படத்துக்குப் பக்கத்தில், பள்ளியில் அவர் பயன்படுத்திய மாவட்ட நிலப்படம் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. வகுப்பில் எந்த ஊரின் பெயர் வந்தாலும், அது எந்த மாவட்டம், எதற்கு எந்தத் திசை என்று கேட்டபின்பே மாணவனை உட்காரச் சொல்லுவார். பதில் சொல்லாத மாணவன் அன்று நின்றுகொண்டே இருக்க வேண்டும். நான் அந்தப் படத்தின் முன் நெடுநேரம் நின்றேன்.

இளைஞர்களே, நாளை நீங்கள் வண்டி ஓட்டுவீர்கள். நோயாளியை ஏற்றிச் செல்வீர்கள். தேர்வுக்கும் நேர்முகத்துக்கும் விரைவீர்கள். வானத்தில் சுற்றும் கோள்களை நம்புங்கள். அவை நம்பத் தக்கவை. நீ எங்கே இருக்கிறாய் என்ற கேள்விக்கு அவை விடை தரும். எங்கே செல்ல வேண்டும் என்பதை மட்டும், கருவிக்குச் சொல்லுமுன் நீங்கள் நன்றாகத் தெரிந்துகொள்ளுங்கள்.